ஒரே மாணவியின் தலைமையாசிரியர்

ஜூன் மாதத்து இரண்டாவது திங்கட்கிழமை காலை, திருப்பரங்குன்றத்தில் எங்கள் தெருவிலிருந்து பள்ளி வேன் ஒரு பிள்ளையை விட்டுவிட்டுக் கிளம்பியது. டிரைவர் மொக்கைச்சாமி ஹாரனை அடித்துப் பார்த்தார். எதிர்வீட்டு சத்தியசீலன் வாசலுக்கு வந்து, "இனிமே வர வேணாம்ணே. எங்க ஐரினப் பள்ளிக்கூடத்துலருந்து விடுதலை பண்ணிட்டோம்" என்றார். "ஜாமீன்லயா?" என்று கேட்டுவிட்டு மொக்கைச்சாமி கியரைப் போட்டார். அன்றைக்குத்தான் நானும் ஊரைவிட்டுப் போனேன். மூன்று வருஷம் சுற்றிவிட்டுத் திரும்பியபோது எங்கள் தெருவில் ஒரு புதிய இனம் நன்றாக வேர்பிடித்திருந்தது: வீட்டிலேயே பிள்ளையைப் படிக்கவைக்கும் பெற்றோர்.

நீங்கள் பார்த்திருப்பீர்கள். கல்யாணப் பந்தியிலும், ஞாயிறு ஆராதனை முடிந்து கலையும் கூட்டத்திலும், "பிள்ளை எந்த ஸ்கூல்?" என்று யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருப்பார்கள். கேட்டுவிட்டால் உடனே பதில் வராது. முதலில் ஒரு புன்னகை. பிறகு, "நாங்க அனுப்புறதில்ல." அதோடு உங்கள் ரசத்தை நீங்கள் மறந்துவிட வேண்டியதுதான். பாயசம் இலையிலேயே ஆறி, பக்கத்து இலைக்காரர் எழுந்து கை கழுவி, வெற்றிலை போட்டு, பஸ் பிடித்து வாடிப்பட்டியில் தன் வீட்டுக்கே போய்ச் சேர்ந்த பிறகும், பள்ளிக்கூடங்கள் பிள்ளைகளை மணியடித்து மணியடித்து எப்படி மந்தையாக்குகின்றன என்ற விளக்கம் முடிந்திருக்காது.

சத்தியசீலன் வீட்டில் முதல் மணி எட்டு ஐம்பதுக்கு.

தவறாக நினைக்கக் கூடாது. மூன்று தலைமுறையாக மிஷன் பள்ளிகளில் படித்து, மிஷன் பள்ளிகளிலேயே பாடம் நடத்தி, மிஷன் பள்ளி அலுவலகங்களில் கோப்பு கட்டிய குடும்பம். மணியடிக்காமல் விடுதலையைக்கூட எப்படித் தொடங்குவது? ஆகவே மணி, ஜெபம், உறுதிமொழி, செய்தி வாசிப்பு. ஐரின் ஜெபம் சொல்வாள். ஐரின் செய்தி வாசிப்பாள். கேட்பவளும் ஐரின்தான். பிறகு வரிசை கலையாமல் ஹாலிலிருந்து சாப்பாட்டு அறைக்கு, அதாவது வகுப்புக்கு, நடந்து போவாள்.

இப்படிப் படித்தால் பிள்ளைக்கு என்ன கிடைக்கும் என்று எல்லாரும் கேட்கிறார்கள். பெற்றோருக்கு என்ன கிடைக்கும் என்று ஒருவரும் கேட்பதில்லை. கேட்டுத் தெரிந்துகொண்டால் நாளைக்கே பாதித் தெரு வேனை நிறுத்திவிடும்.

சத்தியசீலன் ஒரு நூற்பாலைக்கு வீட்டிலிருந்தே கணக்குப் பார்ப்பவர். இத்தனை வருஷ உத்தியோகத்தில் எட்டிக்கூடப் பார்க்காத பதவி உயர்வு அவருக்கு ஒரே நாளில் வந்தது: தலைமையாசிரியர். படுக்கையறைதான் அலுவலகம். கதவைத் தட்டி "மே ஐ கம் இன் சார்" என்று கேட்காமல் அவர் மனைவிகூடத் துணி மடித்து வைக்க உள்ளே போக முடியாது. அந்த மனைவி ஆனிமேரி, வகுப்புக்கு அறுபது பிள்ளைகளைக் கட்டி மேய்த்துவிட்டு வேலையை விட்டவர். இப்போது எதிரே ஒரே பிள்ளை. குரல் மட்டும் அறுபது பேருக்கானது. "கடைசி பெஞ்சு, கேக்குதா?" என்பார். கேட்கிறது என்று தெருவிலிருந்து நாங்கள் சொல்லலாம். ஆசிரியர் தினத்தன்று அவருக்கு நல்லாசிரியர் விருது. பொன்னாடை போர்த்தியவர் தலைமையாசிரியர். கைதட்டியவள் யார் என்று சொல்ல வேண்டுமா?

அழகர்கோவிலுக்குக் கல்விச் சுற்றுலாவும் உண்டு.

"எத்தன டிக்கெட்டுண்ணே?" என்று கேட்டிருக்கிறார் கண்டக்டர்.

"ஸ்கூல் டூர்ப்பா."

"பிள்ளைகள்லாம் பின்னாடி பஸ்ல வருதுகளா?"

திரும்பும்போது சத்தியசீலன், "எல்லாரும் ஏறியாச்சா?" என்றாராம். ஐரின் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "ஏறியாச்சு சார்" என்றாளாம். சுற்றுமுற்றும் பார்த்தாள் என்பதைக் கவனியுங்கள்.

அந்த ஐரின் போன மார்ச் மாதம், பதினோரு வயதில், கதவைத் தட்டி அலுவலகத்துக்குள் போனாள். "டி.சி. வேணும் சார்." ஆறாம் வகுப்புக்கு ரயில்வே ஸ்டேஷன் பக்கத்துப் பெண்கள் பள்ளியில் சேர வேண்டும். ஏன் என்றதற்கு, "அங்க பக்கத்துல ஆள் உக்காருவாங்க" என்றாள்.

"நீ போனா ஸ்கூல் ஸ்ட்ரெங்த் குறையும்மா."

"எம்புட்டு சார் குறையும்?"

தலைமையாசிரியர் வருகைப் பதிவேட்டைப் புரட்டினார். ஆனிமேரி குறுக்கே வந்தார். "அந்த ஸ்கூல்ல டி.சி.யே கேக்கலைங்க. வயசப் பாத்துச் சேத்துக்கிறாங்க."

"டி.சி. வாங்காம ஒரு பிள்ளைகூட என் ஸ்கூல விட்டுப் போனதில்ல" என்றார் சத்தியசீலன். மறுக்க முடியாத உண்மை.

கணவனிடம் சொல்லியாயிற்று, தலைமையாசிரியரிடம் சொல்லியாயிற்று. மிச்சமிருந்தது ஒரே ஆள், ஐரினின் அப்பா. ஆனிமேரி அந்தச் சனிக்கிழமை பெற்றோர் கூட்டத்துக்கு அழைப்பு விடுத்தார். சர்க்கரை கேட்கப் போன நான் மாட்டிக்கொண்டேன். மேசைக்கு அந்தப் பக்கம் வகுப்பாசிரியை. இந்தப் பக்கம், கழுத்துவரை பட்டன் போட்டு, நாற்காலி நுனியில் சத்தியசீலன். மிஷன் பள்ளியில் வளர்ந்தவர். டீச்சர் முன்னால் சாய்ந்து உட்கார அவருக்கு வராது.

"உங்க பொண்ணு கிளாஸ்ல ஓயாமப் பேசுது."

"கண்டிச்சு வைக்கிறேன் டீச்சர்."

"யார்கூடன்னு கேளுங்க."

"யார்கூட டீச்சர்?"

"பக்கத்துல கெடக்குற காலி நாற்காலிகூட. அதுக்கு முத்துமீனான்னு பேரு வச்சிருக்கு. நேத்து முத்துமீனாவுக்குக் காய்ச்சல்னு லீவ் லெட்டர் எழுதி எங்கிட்டக் குடுத்துச்சு."

சத்தியசீலன் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் என்ன பண்ணட்டும் டீச்சர்?"

"எச்.எம்.மப் பாத்துப் பேசுங்க."

எழுந்தார். படுக்கையறைக் கதவைத் தட்டினார். உள்ளே யாருமில்லை. ஆனாலும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். நான் சர்க்கரை வாங்காமலே திரும்பினேன்.

நீங்கள் சிரிப்பது தெரிகிறது. உங்கள் பிள்ளை ஒழுங்காக வேனில் ஏறிப் பள்ளிக்குப் போகிற பிள்ளை. சரிதான். போன மாதம் தங்கச்சி வீட்டு வளைகாப்புக்கு ஏன் வரவில்லை என்று கேட்டதற்கு, "எங்களுக்கு மறுநாள் பரீட்சைல்ல" என்று சொன்னது யார்? எங்களுக்கு என்றால் யாருக்கு? பெற்றோர் வாட்ஸாப் குழுவில், மூன்றாவது கேள்விக்கு விடை கேட்டு முதல் ஆளாக வந்தது எந்த வகுப்புப் பிள்ளை?

அதற்குப் பிறகு நான் மறுபடியும் ஊரைவிட்டுக் கிளம்பிவிட்டேன். டி.சி. என்ன ஆயிற்று என்று யாரையும் கேட்கவில்லை. அக்டோபரில் ஆனிமேரியின் எண்ணிலிருந்து ஒரு செய்தி வந்தது. எழுதியது ஐரின்.

"அக்கா, காலாண்டுல நான் இருபத்திரெண்டாவது ரேங்க். எனக்கு முன்னாடி இருபத்தோரு பேரு இருக்காங்கக்கா. பின்னாடியும் அம்புட்டுப் பேரு!"