சங்கரலிங்கம் ஒட்டிய துடுப்பு

திருத்துபவர் என்றோர் இனம் உண்டு. நெய்வேலியில் பிளாக்குக்கு ஒருவராவது இருக்கிறார். உங்கள் ஊரில் தெருவுக்கு ஒருவர் தேறலாம். கல்யாணப் பத்திரிகையை நீட்டினால் மணமகள் பெயருக்கு முன் ஒற்றுப்பிழையைப் படிப்பவர், சாவு வீட்டில் மாலையைப் போட்டுவிட்டு, சுவரொட்டியில் ‘இயற்க்கை எய்தினார்’ என்று ஒரு ‘க்’ கூடுதலாக விழுந்திருப்பதை மூத்த மகனிடம் ஆறுதலாக எடுத்துச் சொல்பவர், பஸ் கண்டக்டர் ஊர் பெயரைக் கூவினால் உச்சரிப்புக்காக இறங்காமல் நிற்பவர். கெட்டவரா? இல்லை. அதுதான் சிக்கல். முக்கால்வாசி நேரம் அவர் சொல்வது சரியாக வேறு இருந்து தொலைக்கும்.

பத்தொன்பதாம் பிளாக்கில் அந்த இடம் சங்கரலிங்கத்துக்கு. மைன்ஸ் வரைபடப் பிரிவில் முப்பத்து மூன்று வருடம் மற்றவர்கள் போட்ட கோட்டைச் சரிபார்த்துச் சிவப்பு மை வைத்தவர். ஓய்வு பெற இன்னும் எட்டு மாதம் இருந்தது. இப்போது கோட்டைக் கம்ப்யூட்டரே போட்டு, கம்ப்யூட்டரே சரிபார்த்துக்கொண்டதால், அவருடைய சிவப்பு மை முழுவதும் ஆபீஸுக்கு வெளியே செலவாகத் தொடங்கியது. மனைவி தேவயானி, அவர் வேலைக்குக் கிளம்பிய பிறகுதான் வாசலில் கோலம் போடுவார்.

அதே பிளாக்கில் குடியிருந்த நான்சி, பள்ளிக்கூடத்தில் விலங்கியல் டீச்சர். சுற்றுவட்டார மீன்களை உயிரோடு தொட்டியில் விட்டு, நாள்கணக்கில் பார்த்து நீர்வண்ணத்தில் வரைபவர். பழைய மீன் புத்தகப் படங்களெல்லாம் சாராயத்தில் ஊறிய மீனைப் பார்த்து வரைந்தவை, அதனால்தான் நிறம் செத்துக் கிடக்கின்றன என்பது அவர் கட்சி. யாரும் சீந்தாத உளுவை மீன்தான் அவருக்கு உயிர். மண் நிறம், துருத்திய கண், எந்நேரமும் தரையில் உட்கார்ந்து எதையோ யோசிப்பது போன்ற முகம். அதில் பதினான்கு வகைகளை வரைந்து பிளாக் மன்றத்தில் கண்காட்சி வைத்தார். சிதம்பரத்திலிருந்து பேராசிரியை பவித்ரா வருவதாக ஏற்பாடு. தான் தொகுக்கும் மீன் புத்தகத்துக்கு அவர் ஓவியர் தேடிக்கொண்டிருந்தார். தன் படம் ஒரு புத்தகத்தில் வரவேண்டும் என்பது நான்சிக்குப் பத்து வருட ஆசை.

ஏற்பாடு தொடங்கிய அன்றே சங்கரலிங்கம் வந்துவிட்டார். அச்சாகி வந்த பெயர்ச்சீட்டுகளில் ‘உழுவை’ என்றிருந்தது. உழுவை என்றால் புலி, மீனுக்கு ‘ளு’ என்றார். பதினான்கு சீட்டும் திரும்ப அச்சுக்குப் போயின. மறுநாள் ஒரு படத்தில் முன்முதுகுத் துடுப்பில் ஒரு முள் குறைகிறது என்றார். நான்சி எண்ணிப் பார்த்தார், குறைந்தது. நன்றி சொல்லிக் காபி கொடுத்தார். இந்த இனத்துக்குக் காபி கொடுக்கலாமா?

கண்காட்சிக்கு முந்தின நாள் சாயங்காலம், படங்களை மாட்டிவிட்டு நான்சி சர்ச்சில் பாட்டுப் பயிற்சிக்குப் போய்விட்டார். சங்கரலிங்கம் தனியாக ஒவ்வொரு படமாகப் பார்த்து வந்து, பதினோராவதன் முன் நின்றார். வயிற்றுத் துடுப்பு இரண்டும் தனித்தனியாக இருந்தன. கெடிலம் ஆற்றில் உளுவை பிடித்து வளர்ந்தவர் அவர். உளுவைக்கு அந்த இரண்டு துடுப்பும் ஒட்டிக் கிண்ணம் போல இருக்கும், அதை வைத்துத்தான் ஓடுகிற தண்ணீரில் கல்லைப் பிடித்துக்கொண்டு நிற்கும் என்பது அவருக்குத் தெரியாதா? போன் செய்தார். நான்சி எடுக்கவில்லை. நாளைக்குப் பேராசிரியை முன்னால் இந்தப் பெண் தலைகுனியப் போகிறதே என்று அவருக்கு உண்மையிலேயே நெஞ்சு அடித்துக்கொண்டது. மேசையில் வண்ணப் பெட்டி திறந்தே கிடந்தது. நல்லெண்ணம் தூரிகையைக் கையில் எடுத்துவிட்டால் யார் தடுக்க முடியும்? படத்தை இறக்கினார். முப்பத்து மூன்று வருடக் கை, நடுங்காமல் இரண்டு துடுப்பையும் ஒன்றாகச் சேர்த்தது. வீட்டுக்குப் போய் ஒரு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்.

காலை பத்து மணிக்கு இருதயசாமி வந்தார். நான்சிக்கு மீன் பிடித்துத் தருபவர். பரவனாறு கடலில் சேரும் இடத்தில் பிடித்த, நான்சி பார்த்து வரைந்த அதே மீனைக் கண்ணாடித் தொட்டியோடு பதினோராவது படத்தின் கீழே வைத்தார். மீன் தரையில் உட்கார்ந்தது. வயிற்றடியில் இரண்டு துடுப்பு, இரண்டு கால் போலத் தனித்தனியாக.

சற்று நேரத்தில் வந்து சேர்ந்த பேராசிரியை மீனைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். இது உளுவைக்குப் பங்காளி முறை, இதற்குத் துடுப்பு ஒட்டாது, அடையாளமே அதுதான், அதைப் போய்க் கோட்டை விடலாமா என்று மெதுவாகக் கேட்டுவிட்டுக் குறிப்பேட்டை மூடினார். நான்சிக்கு முகம் வெளுத்தது. அது தன் கோடு இல்லை என்று அவருக்குத் தெரிந்தது. யார் கோடு என்பதும் தெரிந்திருக்கும். ஆனால் அவர் சங்கரலிங்கத்தின் பக்கம் திரும்பவே இல்லை.

அப்படித் திரும்பாததுதான் சங்கரலிங்கத்தைக் குத்தியது. இருந்தாலும் இனத்தின் குணம் விடுமா? முதலில் அவருக்கு மீன்மேல்தான் சந்தேகம் வந்தது. குனிந்து உற்றுப் பார்த்துவிட்டு, இது சரியான மீன்தானா என்று இருதயசாமியிடம் கேட்டார்.

“அது அப்படித்தாங்க ஆத்துல பொறந்து வளந்துகினு இருக்குது” என்றார் இருதயசாமி. “நீங்க யாரும் சொல்லித் தரலியே.”

வாழ்நாளில் சங்கரலிங்கம் சொல்லியறியாத வார்த்தை ஒன்று பாக்கி இருந்தது.

“மேடம், அந்தத் துடுப்பு டீச்சர் போட்டதில்ல. நேத்து சாயங்காலம் நான் ஒட்டிட்டேன். தப்பு என்னுது.”

கூட்டத்தில் நின்ற தேவயானி கணவரை யாரோ போலப் பார்த்தார். பேராசிரியை குறிப்பேட்டை மறுபடி திறந்து, இந்த மீனை இங்கேயே உட்கார்ந்து வரைய முடியுமா என்று நான்சியிடம் கேட்டார். ஒன்றரை மணி நேரம் நான்சி வரைந்தார். ஒன்றரை மணி நேரமும் சங்கரலிங்கம் பின்னால் கைகட்டி, வாயைத் திறக்காமல் நின்றார். அவர் பட்ட பாடு எழுத்தில் வராது. புதிதாக வரைந்ததையும் சேர்த்துப் பதினான்கு படங்களும் புத்தகத்துக்குத் தேர்வாயின.

கெட்டுப்போன படத்தை நான்சி கிழிக்கவில்லை. மறுபடி மாட்டி, அடியில் ஒரு சீட்டு ஒட்டினார். ‘மீன்: நான்சி. வயிற்றுத் துடுப்பு: சங்கரலிங்கம்.’ ஜனங்கள் மற்ற படங்களை விட்டுவிட்டு அதைப் பார்க்க வந்தார்கள். மூன்று நாள் தலைகாட்டாத சங்கரலிங்கம் நாலாம் நாள் வந்து, சீட்டை வெகுநேரம் படித்தார். கண் கலங்கியது போல இருந்தது.

“டீச்சர், எம்பேருக்கு முன்னால ‘திரு’ விட்டுப்போச்சு, பாருங்க.”

நான்சி சேர்த்தார். நீங்கள் சிரிப்பது இருக்கட்டும். படித்துக்கொண்டு வரும்போதே ஓரிடத்தில் சந்தி பிசகியிருப்பதை மனதில் குறித்துக்கொண்டீர்களே, கெடிலத்தில் ஏது அவ்வளவு தண்ணீர் என்று முணுமுணுத்தீர்களே, எழுதி அனுப்பினால் என்ன என்றுகூட ஒரு கணம் தோன்றியதே, தாராளமாக அனுப்புங்கள். பெயருக்கு முன்னால் திருவா, திருமதியா என்பதை மட்டும் தெளிவாகக் குறிப்பிட்டுவிடுங்கள்.