நீல எழுத்துக்காரர்

எந்தப் பொருளுக்கும் முதல் மாடலோடு நல்ல காலம் முடிந்துவிட்டது என்று நம்புகிற ஓர் இனம் உண்டு. உங்களுக்குத் தெரிந்தவர்களிலேயே இரண்டு பேராவது தேறுவார்கள். நம்முடையவர் வாரம் முழுக்கப் பல் டாக்டர், சனிக்கிழமை மட்டும் நண்பர்களின் பாட்டுக் குழுவில் பேஸ் கிட்டார் வாசிப்பவர். அவரிடம் கிட்டார் சத்தத்தைப் பெருக்க, கண்ணாடி வால்வுகள் வைத்த ஒரு பழைய ஆம்ப்ளிஃபயர் இருக்கிறது. எழுதும்போதே இடுப்பு வலிக்கிறது, நாற்பது கிலோ.

அதன் முகப்பில் நீல எழுத்து. "நீலம்னா முதல் தலைமுறை" என்று அவர் ஆரம்பித்துவிட்டால், பஞ்சை அடக்கிக்கொண்டு வாய் பிளந்து கிடக்கும் நோயாளிகூடத் தப்ப முடியாது: இரண்டாம் தலைமுறையில் எழுத்தைக் கறுப்பாக்கினார்கள், போகட்டும், உள்ளே வால்வையும் மாற்றினார்கள், மூன்றாவதில் கையால் பற்றவைத்த ஒயர்களைப் பிடுங்கிவிட்டு அச்சடித்த சர்க்யூட் அட்டையைச் சொருகினார்கள், நான்காவதில், உச்சகட்ட அநியாயமாக, பின்பக்கத்து இரண்டு சுவிட்சுகளையும் ஒன்றாக்கினார்கள். "ஒண்ணு வால்வைச் சூடாக்க, இன்னொண்ணு சத்தத்தைத் திறக்க. பொறுமை இல்லாதவனுக்காக அதையும் கெடுத்துட்டான்." நோயாளி என்ன சொல்வார்? வாயைக் கொப்பளிப்பார்.

பொறுமை போனது குழுவுக்கு. அதை இரண்டு மாடி தூக்கி முதுகு பிடித்துக்கொண்ட டிரம்மர், அவருடைய மைத்துனர்தான், கறாராகச் சொல்லிவிட்டார்: "அத்தான், நாம வாசிக்கிற ஹால்லயே சின்ன டிரான்சிஸ்டர் ஆம்ப் இருக்கு. இன்னைக்கு ரெண்டுலயும் வாசிங்க. உங்களுது ஒசத்தின்னு காதுல விழுந்தா நானே தூக்குறேன். இல்லன்னா அது இனி வீட்டைத் தாண்டக் கூடாது."

டாக்டர் ஒப்புக்கொண்டார். ஒரே கிட்டாரிலிருந்து இரண்டுக்கும் ஒயர் போட்டார்கள். முதலில் சின்னப் பெட்டி. நான்கு சுரம் வாசித்ததுமே பல் கூசியவர்போல முகம் சுளித்தார். "தகர டப்பா." அடுத்து நீல எழுத்து. சிவப்பு விளக்கு எரிந்தது, வால்வுகள் கனன்றன, அவர் கண்ணை மூடிக்கொண்டு ஒரு முழுப் பாட்டை வாசித்தார். முடிக்கும்போது நிஜமாகவே கண் கலங்கியிருந்தது.

"கேட்டீங்களா? எலும்புக்குள்ள இறங்குது."

எல்லோரும் தலையாட்டினார்கள். மைத்துனர்கூட விதியை நொந்து முதுகைத் தடவிக்கொண்டார். ஒயரைக் கழற்றப் பின்பக்கம் போன கீபோர்டுக்காரப் பெண்தான் தயங்கினாள்.

"அண்ணா, இதுல ரெண்டாவது சுவிட்சைப் போடவே இல்லையே. சின்னதை நான் அணைக்க மறந்துட்டேன். கேட்டதெல்லாம் அதோட சத்தம்தான்."

"போடாமலே இப்படின்னா, போட்டா எப்படி இருந்திருக்கும்?" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அதுதான் அவரை ரொம்ப வருத்தியது.

நீல எழுத்து இப்போது கிளினிக்கில் பழைய வாரப் பத்திரிகைகளைச் சுமக்கிறது. அடுத்த சனிக்கிழமை அவர் கிட்டாரை மட்டும் மாட்டிக்கொண்டு வந்தார். மைத்துனருக்கு அப்பாடா என்றிருந்தது. டாக்டர் நேரே போய் ஹாலின் சின்னப் பெட்டியைக் கவிழ்த்து, அடியிலிருந்த எண்ணைக் கண்ணாடி போட்டுப் படித்தார். முகம் மலர்ந்தது.

"நெனச்சேன். இது முதல் பேட்ச். இப்ப வர்றதெல்லாம் இதுக்குக் கிட்ட நிக்க முடியாது."

சிரிக்கிறீர்கள். போன வாரம் புது மிக்சியை ஒரு தட்டுத் தட்டி, "பழசு மாதிரி வருமா?" என்றது யார்? சொல்லுங்கள், தாராளமாகச் சொல்லுங்கள். சொல்வதற்கு முன்னால் சுவிட்சைப் போட்டோமா என்று மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.