சோதனை வகுப்பு

படிவத்தின் பதினோராவது கட்டம் மட்டும் காலியாகவே இருந்தது. "குழந்தையின் இயல்பான திறமை" என்று அச்சிட்டு, எதிரே ஒரேயொரு வரிக்கு இடம் விட்டிருந்தார்கள். மாதக் கடைசிக்குள் அதை நிரப்பிச் சான்றோடு பள்ளியில் கொடுக்காவிட்டால், எட்டு வயது மகள் பொதுப் பிரிவுக்குப் போய்விடுவாள். அங்கே பாட்டு இல்லை, படம் இல்லை. கணக்கும் கையெழுத்துப் பயிற்சியும் மட்டுமே.

"சமத்தா இருப்பான்னு எழுதுங்களேன்" என்றாள் மனைவி.

"அது திறமையில்ல. வேற வழியில்லாதவங்களுக்குக் கொடுக்கிற பட்டம்."

"அப்போ உங்களை மாதிரின்னு எழுதுங்க."

அவர் பேனாவை மூடிவிட்டார். அவரும் பொதுப் பிரிவில் வளர்ந்தவர்தான். அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவர். பொருளை ரசித்துப் படித்தால் பிழை கண்ணுக்குத் தப்பிவிடும் என்பது அத்தொழிலின் முதற்பாடம். ஆகவே இருபது ஆண்டுகளாக எதையும் ரசிக்காமலேயே படித்துத் தலை நரைத்துப்போனவர். வீட்டிலும் மடியில் மெய்ப்புத் தாள்தான். மகள் அருகே வந்தால், தலை நிமிராமல், "ஷ்ஷ்... வரி தப்பிடும்" என்பார். அவளும் சத்தமில்லாமல் திரும்பிப் போய்விடுவாள். அந்த நரை அவளுக்கும் வாரிசுரிமையாகப் போய்விடக் கூடாதே என்பதுதான் இப்போது அவருடைய ஒரே கவலை.

எனவே ஒரு சனிக்கிழமை, இரண்டு தெரு தள்ளியிருந்த, திறமைச் சான்று தரும் பயிற்சிக்கூடத்துக்கு அவளை அழைத்துச் சென்றார். சேர்த்துக்கொள்வதற்கு முன்னால் ஒரு சோதனை வகுப்பு உண்டு. பிள்ளை மிரளாமலிருக்க, பெற்றவரும் அதில் உடனிருக்கலாம். தாள்களை வீட்டில் வைத்துவிட்டு வந்தவர், குழந்தைகளுக்கான குட்டி நாற்காலியில் முழங்கால் தாடையைத் தொட மடங்கி உட்கார்ந்தார்.

பாட்டு ஆசிரியை ஆர்மோனியத்தில் ஒரு கட்டையை அழுத்தினார். மகள் பாடினாள். ஆசிரியை வேறொரு கட்டையை அழுத்தினார். பிறகு காதைத் தடவிக்கொண்டார்.

"எந்தச் சுரம் கொடுத்தாலும் அதுக்கு அரைச்சுரம் கீழேயே நிக்குது சார். அதுலயும் ஒரு ஒழுங்கு இருக்கு. கேக்கத்தான் முடியல."

'திறமை காணப்படவில்லை' என்றொரு சீட்டு கொடுத்தார்கள். சீட்டு வாங்கினால் அதைப் படிவத்தோடு இணைத்தாக வேண்டுமாம். இந்தக் கறையை மறைக்க இன்னொரு நல்ல சீட்டு வேண்டும் என்று, அடுத்த சனிக்கிழமை ஓவிய வகுப்புக்குப் போனார்கள்.

"பூனை வரையச் சொன்னேன். மேசை வந்திருக்கு" என்றார் ஓவிய ஆசிரியர்.

"பூனை மேசைக்கடியில இருக்கலாமில்லையா?"

"இருக்கலாம் சார். வெளிய வரட்டும், சேத்துக்கறேன்."

இரண்டாவது சீட்டு. மூன்றாவது வாரம் சதுரங்கம். இரண்டே நகர்த்தலில் ஆட்டம் முடிந்தது. பயிற்சியாளர் பலகையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இவ்வளவு சீக்கிரமா தோக்கணும்னா, ரெண்டு பேரும் சேர்ந்து திட்டம் போட்டாத்தான் உண்டு."

"நான் எதுவும் சொல்லித் தரல" என்றார் அவர், குற்றவாளிக் கூண்டில் நிற்பவரைப்போல.

மூன்றாவது சீட்டையும் வாங்கிக்கொண்டு, மகளைப் படிக்கட்டில் உட்காரவைத்துவிட்டு, மேலாளரிடம் முறையிடப் போனார். மேலாளர் அம்மையார் மூன்று சீட்டுகளையும் கையில் வாங்கி, சீட்டுக்கட்டுபோல் அடுக்கினார்.

"மூணு ஆயிடுச்சா? அப்போ தனித்தனியா இணைக்க வேண்டாம். விதிப்படி ஒரே சான்றிதழாவே கொடுத்துடுவோம்."

முத்திரையோடு வந்த தாளில் 'இக்குழந்தை திரமையற்றவர்' என்றிருந்தது. அவருக்கு நெஞ்சு அடைத்தது. ஆனால் கை நெஞ்சுக்குப் போகவில்லை. சட்டைப்பைச் சிவப்புப் பேனாவுக்குப் போயிற்று.

"வல்லின 'ற' வரணும்மா."

"அட, ஆமா! ரொம்ப நாளா இப்படியேதான் கொடுத்துட்டிருந்தோம். சும்மாவா சொன்னாங்க, படிச்சவங்க படிச்சவங்கதான்" என்று அம்மையார் மனமுவந்து புதிய தாளில் பிழையின்றி அச்சிட்டு, இரண்டு முத்திரையாகக் குத்திக் கொடுத்தார்.

இனி அந்த வாசகத்தில் குறை சொல்ல எதுவுமில்லை. தன் மகளுக்குத் தன் வாழ்நாளில் செய்துகொடுத்த ஒரே திருத்தம் இதுதான் என்று நினைத்துக்கொண்டே நடைவழியைக் கடந்து படிக்கட்டுக்கு வந்தார்.

மகள் துள்ளி எழுந்தாள். "அடுத்த வாரம் என்னப்பா? நீச்சலா?"

தோற்ற வெட்கம்கூட இல்லாமல் பிறந்திருக்கிறதே என்று அவருக்குக் கண் கலங்கியது. "ஒண்ணுமில்லம்மா. எல்லாம் முடிஞ்சுபோச்சு. வீட்டுக்குப் போலாம்."

அவள் முகம் சட்டென்று வாடிற்று. அவர் கையை உதறிவிட்டு முன்னால் நடந்தாள்.

படிகளைத் துடைத்துக்கொண்டிருந்த அம்மாள் அவர் கையிலிருந்த முத்திரைத் தாளை எட்டிப் பார்த்தாள். வாளியை நகர்த்தி வழிவிட்டுவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னாள்:

"நீங்க உள்ள போன நேரத்துல அது பாடுன பாட்டுல நான் துடைக்கிறதையே விட்டுட்டு நின்னுட்டேன் சார், இதை அங்கயே பாடியிருக்கலாமே பாப்பான்னு கேட்டா, 'சேத்துக்கிட்டா அப்பா வெளிய போயிடணும் ஆன்ட்டி, சோதனை வகுப்புல மட்டுந்தான் பக்கத்துல உக்காருவாரு'ங்குது!"