பாம்புக்கு எங்கே பந்தி வைப்பது

லண்டனில் எங்கள் ஆட்கள் எதை எதையோ நம்பி வாழ்கிறார்கள். ஓர் உயிரின் குணம் அது என்ன சாப்பிடுகிறது என்பதில் இல்லை, எங்கே இருந்து சாப்பிடுகிறது என்பதில்தான் இருக்கிறது என்று நம்பி வாழ்கிறவர் டென்மார்க் அண்ணை ஒருவர்தான்.

சொந்தப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. இப்போது எட்மண்டனில் இருக்கிறார். அதற்கு முன் மோர்டனில் நாங்கள் மூன்று பேர் ஒரு வீட்டில் இருந்தோம். டென்மார்க்கில் பல வருடம் இருந்துவிட்டு வந்தவர் என்பதால், மழை பெய்தாலும் "டென்மார்க்கில இப்பிடி இல்லை" என்பார். அங்கே மழையே பெய்வதில்லை போலும். வேலை பிளம்பர். அவர் இருந்த காலம் முழுக்க எங்கள் குசினிக் குழாய் ஒழுகியது.

ஒருநாள் வேலையால் ஒரு கண்ணாடிப் பெட்டியுடன் வந்தார். உள்ளே செம்மஞ்சள் நிறத்தில் ஒரு பாம்பு. குழாய் திருத்தப் போன வீட்டில் முன்பு இருந்தவர்கள் விட்டுவிட்டுப் போனதாம். வீட்டுக்காரன் குப்பையோடு போடச் சொன்னானாம். சோளப் பாம்பு என்று பெயர், விஷம் இல்லை. அண்ணை சுத்த சைவம். தனக்குத் தோதான பாம்பு கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்தார். அது சோளம் தின்னாது என்பதை ஒரு டின் சோளத்தை வீணாக்கித்தான் கண்டுபிடித்தார்.

பிறகு கடையில் விசாரித்து, உறைய வைத்த சுண்டெலிகள் வாங்கி வந்தார். பிரீசரில் என்னுடைய இறாலுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி ஏறியது. மேலே, "பிள்ளையின்ர சாப்பாடு. கை வைக்க வேண்டாம்" என்று எழுதியிருந்தது. கை வைக்க நாங்கள் வரிசையில் நின்றதுபோல. பிள்ளை என்பது பாம்பு.

கிழமைக்கு ஒரு எலி. பிள்ளையின் உடம்பில் மிகத் தடித்த இடத்தைவிட எலி தடிப்பாக இருக்கக் கூடாது. வெள்ளிக்கிழமை அண்ணை வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலுக்குப் போகும் நாள், ஆகவே பிள்ளைக்கும் விரதம். சனிக்கிழமை எலியைப் பையில் போட்டு இளஞ்சூட்டுத் தண்ணீரில் வைத்து இளக்குவார். முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு, நீண்ட இடுக்கியால் தூக்கிக் கொடுப்பார். பிறகு தலைமுழுகுவார். மீன்கடையில் வேலை செய்யும் சிவாதான் வீட்டில் மூன்றாவது ஆள். மைக்ரோவேவில் வைத்தால் ஒரு நிமிடம்தானே என்று சொல்லிவிட்டான். அண்ணை அவனோடு இரண்டு நாள் கதைக்கவில்லை. தின்ற பிள்ளையை இரண்டு நாள் தொடவும் கூடாது, தொட்டால் கக்கிவிடும். அந்த இரண்டு நாளும் நாங்கள் படியில்கூடப் பூனை போல ஏற வேண்டும்.

எல்லாவற்றிலும் பெரிய சட்டம், பிள்ளை தன் கண்ணாடிப் பெட்டிக்குள் சாப்பிடக் கூடாது என்பது. மூடியில் ஓட்டை போட்ட ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் அதை விட்டு, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அங்கேதான் கொடுப்பார். தின்று முடிந்ததும் கை படாமல் பெட்டியைச் சரித்துத் திரும்ப விடுவார். படுக்கிற இடத்தில் சாப்பாடு வந்தால், உள்ளே வருகிற கை எல்லாம் சாப்பாடு என்று நினைத்துக் கடிக்குமாம்.

நான் அப்போது ஆறு வருடமாக என் அறைக் கட்டிலில் இருந்துதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். வேலையால் வந்து, ஒருவர் முகமும் பார்க்காமல் புட்டுத் தட்டோடு மேலே போய்விடுவேன். ஒருநாள் அண்ணை கதவைத் தட்டினார். என்ன என்று கொஞ்சம் சூடாகக் கேட்டுவிட்டேன். அவர் கதவைத் திறந்து கட்டிலைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். ஒழுகும் இடத்தைக் கண்டுபிடித்த முகம்.

"தம்பி, படுக்கிற இடத்திலயோ சாப்பிடுறாய்?"

"ஓம் அண்ணை."

"அதுதான் கடிக்கிறாய். எடு தட்டை. கீழ வா."

போனேன். அன்றிலிருந்து குசினி மேசையில் அவருக்கு எதிரே எனக்கு ஒரு கதிரை. முதல் கிழமை சோறு தொண்டையில் நின்றது. அவர் டென்மார்க்கின் வெந்நீர்க் குழாய்களைப் பற்றிக் கதைத்துக்கொண்டே இருந்தார். பதில் ஏதும் எதிர்பார்க்கவில்லை. அது ஒரு வசதி.

இந்த வெற்றி அண்ணையின் தலைக்கு ஏறியது. இனி எல்லோருக்கும் ஒரே மேசை, பிள்ளைக்கும்தான் என்று புதுச் சட்டம் வந்தது. சனிக்கிழமை மாலை மேசையின் ஒரு கரையில் பிளாஸ்டிக் பெட்டியும் பந்தியில் அமர்ந்தது. சிவா அருவருத்துத் தட்டோடு தோட்டத்துக்குப் போனான். அடுத்த சனி இரண்டு நண்பர்களோடு, போனைப் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டு திரும்பி வந்தான்.

பிள்ளை சாப்பாட்டை நிறுத்திவிட்டது. மூன்று சனி போயிற்று. அண்ணை எலியை இடுக்கியில் ஆட்டிக் காட்டினார், கெஞ்சினார். பிள்ளை மூலையில் சுருண்டு தலையை மறைத்தது. நாலாவது முறையும் தின்னாவிட்டால் மிருக வைத்தியரிடம் கொண்டுபோய், தொண்டைக்குள் குழாய் விட்டுத்தான் தீத்த வேண்டிவரும் என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். வாழ்நாள் முழுக்கக் குழாயோடு வாழ்ந்த மனிதர் அதைக் கேட்டு நடுங்கிப்போனார். சோற்றைப் பிசைவார், வாய்க்குக் கொண்டுபோக மாட்டார். டென்மார்க்கைப் பற்றிக்கூட ஒரு சொல் இல்லை. வீட்டில் அமைதி வந்ததற்கு நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும்.

நாலாவது சனி. பெட்டியைச் சுற்றி ஐந்து தலைகள். நான் வாயைத் திறந்தேன்.

"அண்ணை, இத்தனை பேர் பார்த்துக்கொண்டு நிண்டால் எனக்கும் இறங்காது. அதின்ர வீட்டிலேயே குடுங்கோ. துணியால மூடிப்போட்டு எல்லாரும் வெளியில வருவம்."

"பிறகு கடிக்குமடா."

"கடிக்கட்டும் அண்ணை. முதல்ல சாப்பிடட்டும்."

அண்ணை பிளாஸ்டிக் பெட்டியைத் தூக்கினார். பிறகு பிள்ளையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் விட்டு, எலியை வைத்து, கைக்கு அகப்பட்ட துணியால் மூடினார். அது அவருடைய கோயில் வேட்டி. எல்லோரும் படியில் குந்தியிருந்தோம். அரை மணித்தியாலம் கழித்து வேட்டியைத் தூக்கினால் எலி இல்லை. பிள்ளையின் நடுவில் ஒரு புடைப்பு. அண்ணை முகத்தைத் துடைத்துக்கொண்டு, டென்மார்க்கிலும் சில பாம்புகள் இப்படித்தான் என்றார்.

மனிதர் நேர்மையானவர். அன்றைக்கே என்னிடம் வந்தார்.

"நீயும் வேணுமெண்டால் மேல போய்ச் சாப்பிடு தம்பி. நான் கதவைத் தட்டமாட்டன்."

ஆறு வருடப் பழக்கம். தட்டை எடுத்துக்கொண்டு பாதிப் படி ஏறினேன். கீழே குழாய் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது. இறங்கி வந்து அவருக்கு எதிரே இருந்தேன்.

"அண்ணை, டென்மார்க்கில அந்த வெந்நீர்க் குழாய் எப்பிடி எண்டு சொன்னீங்கள்?"