ஆட்டுத்தலையை வேண்டாமென்றவர்

“தலையை வேணாம்னுட்டாரு அண்ணே,” என்று சமையல்காரி குல்சாரா ஓடிவந்து சொன்னதும் ஜோல்தோஷ் துள்ளி எழுந்தான்.

“யாரு?”

“வேற யாரு, துணை அமைச்சர்தான். வெந்த ஆட்டுத்தலையை அவர் முன்னாடி வெச்சேன். அப்படியே நம்ம வெள்ளைக்காரர் பக்கம் தள்ளிட்டாரு.”

கிர்கிஸ் மலையில் விருந்தென்றால் தலை பெரிய மனிதருக்கு. அதைத் தள்ளிவிடுவதும் கன்னத்தில் அறைவதும் ஒன்றுதான்.

தங்கச் சுரங்கத்தில் வெடி வைக்கும் அனுமதி திங்கட்கிழமையோடு முடிகிறது. புதுப்பிக்கக் கேட்ட கோப்பு ஓராண்டாகத் தலைநகரில் தூங்குகிறது. ஓர் அமைச்சர் பேனாவைத் திறந்த வாரம் ஆட்சி கவிழ்ந்தது. அடுத்தவர் பேனாவைத் தேடிக்கொண்டிருக்கும்போதே ஜெயிலுக்குப் போனார். இப்போது இந்தத் துணை அமைச்சர் எமில்பெக். நேரில் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்து என்று போன வாரமே சொல்லியனுப்பிவிட்டார். அதன்பின் பனிச்சரிவில் போன் கோபுரம் சாய்ந்து, வெளியுலகச் சேதியே இல்லை.

கையெழுத்து இல்லையென்றால் வெடி இல்லை. வெடி இல்லையென்றால் ஆட்கள் வீட்டுக்கு. ஜோல்தோஷின் இரண்டு தம்பிகளும் அந்த ஆட்களில் சேர்த்தி.

ஆனாலும் அவன் அசரவில்லை. “இத்தனை வருஷம் பாறையில ஓட்டை போட்டவன் நான். ஒரு மனுஷன் மனசுல போட மாட்டேனா?” என்றான். இந்தப் பேச்சுக்காகத்தான் கம்பெனி அவனைத் துளையிடும் வேலையிலிருந்து தூக்கி, அதிகாரிகளைக் கவனிக்கும் வேலையில் வைத்திருந்தது.

கம்பளிக் கூடாரத்துக்குள் நுழைந்தான். வெள்ளைக்கார மேலாளர் டங்கன் ஆட்டுத்தலையை வெறித்துக்கொண்டிருந்தார். எமில்பெக் அதிலிருந்து ஒரு கண்ணைத் தோண்டி, இரண்டு கையாலும் பவ்வியமாக அவரிடம் நீட்டினார். அடிக்கடி பார்க்க ஆசைப்படும் ஆளுக்குத்தான் கண்ணைக் கொடுப்பது.

‘போச்சு! மாசாமாசம் சோதனைக்கு வரப்போறான்,’ என்று ஜோல்தோஷ் புரிந்துகொண்டான். எமில்பெக் அரசு ஜீப்பை விட்டுவிட்டு, கண்ணாடி விரிசல் விட்ட ஓட்டைக் காரில் தன் மச்சினனை ஓட்டச்சொல்லி வந்தபோதே சந்தேகப்பட்டான். மாறுவேடச் சோதனை!

வெளியே வந்து குல்சாராவிடம், “ஆடு பத்தலை. அந்தக் கொழுத்த குதிரையை அறு,” என்றான்.

“அது கணக்கரோட குதிரை அண்ணே!”

“கணக்கருக்கு நடக்கக் கால் இருக்குல்ல?”

பொழுது சாயும்போது குதிரைக்கறி ஆவி பறக்க வந்தது. எமில்பெக் ஒரு துண்டை வாயில் போட்டார். கண் மூடிக்கொண்டது.

“இங்க எல்லாருக்கும் இப்படித்தான் சாப்பாடா தம்பி?”

ஜோல்தோஷ் உஷாரானான். ஆமென்றால் கம்பெனி கொழுத்துக் கிடக்கிறது என்று வரியை ஏற்றிவிடுவார்.

“ஐயோ, இல்லீங்கய்யா! முட்டைக்கோஸ் கொதிச்ச தண்ணிதான்.”

எமில்பெக்கின் முகம் சுருங்கியது. “சம்பளம்?”

“கைக்கும் வாய்க்கும் பத்தாதுங்க.”

“ராத்திரி அறையில அடுப்பு எரியுமில்ல?”

“புகையும்.”

முகம் இன்னும் சுருங்கியது. தொழிலாளரை வதைப்பதாக வழக்குப் போடப்போகிறாரோ என்று ஜோல்தோஷ் வேறு பக்கம் பாய்ந்தான். “ஆனா கம்பெனி சிக்கனம்யா! மேஜை பின்னாடி உக்கார்ற ஆளுங்களையெல்லாம் ஒழிச்சுட்டோம். தலைநகரத்துக்காரங்களைப் புதுசா ஒருத்தரைக்கூட எடுக்கறதில்ல. எல்லாம் உள்ளூர் ஆளுங்கதான்!”

எமில்பெக் கையிலிருந்த எலும்பைத் தட்டில் வைத்துவிட்டார்.

“அவர் என்ன சொல்றார்?” என்று டங்கன் காதோடு கேட்டார்.

“ரொம்பத் திருப்தின்னு சொல்றார் சார்,” என்றான் ஜோல்தோஷ்.

இனி ஒரே வழிதான். அனுமதித் தாளை விரித்து, மேலே பேனாவை வைத்து, துணை அமைச்சர் முன்னால் நகர்த்தினான். எமில்பெக் அதைப் பார்த்தார். முகம் காதுவரை சிவந்தது. ஒற்றை விரலால் திருப்பித் தள்ளினார்.

“இதை நான் தொடக் கூடாது தம்பி. தப்பு.”

ஜோல்தோஷுக்கு இப்போதுதான் புரிந்தது. யோக்கியர்! சுரங்கம் இடிந்து விழுந்துகூட ஆள் பிழைத்ததைப் பார்த்திருக்கிறான். யோக்கியமான அதிகாரியிடம் பிழைத்தவனைப் பார்த்ததில்லை.

தம்பிகள் மூட்டை தூக்கிக்கொண்டு மலையிறங்குவது கண்முன் வந்தது. தாங்கமாட்டாமல் வெளியே பாய்ந்தான். ஓட்டைக் காரில் சாய்ந்தபடி மச்சினன் ஸமிர் குதிரை விலாவைக் கடித்துக்கொண்டிருந்தான்.

“டேய் தம்பி, தலையைக் கொடுத்தா தள்றார், பேனாவைக் கொடுத்தா தள்றார். உங்க மச்சான் வாயைத் திறந்து என்ன வேணும்னு கேட்டுத் தொலைச்சா என்ன? கொடுக்க மாட்டேன்னா சொல்றேன்?”

ஸமிர் வாயில் இருந்ததை அவசரமாக விழுங்கினான். முகம் மலர்ந்தது.

“அப்ப கேட்டுடறேன் அண்ணே. நேத்தே ஆட்சி கவுந்து போச்சு. மச்சானுக்கு உங்க கம்பெனியில ஒரு வேலை கிடைக்குமா?”