ராணியம்மாவின் சுண்டு விரல்

ராணியம்மாவின் சுண்டு விரல் காவலாளியின் துடைக்கிற துணியோடு வந்துவிட்டது.

சத்தம்கூட இல்லை. கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, ராணியம்மா என்று எல்லாரும் கூப்பிடுகிற மம்மியின் மேல் படிந்த தூசியைத் தட்டிக்கொண்டிருந்தான். மென்மையான பிரஷ்ஷால்தான் தட்ட வேண்டும் என்பது அருங்காட்சியகத்தின் உத்தரவு. அந்தப் பிரஷ் மொட்டையாகி வெகு காலமாயிற்று. வீட்டிலிருந்து பழைய பனியன் ஒன்றைக் கொண்டுவந்திருந்தான். அதில் ஒரு நூல் பிரிந்து விரலில் மாட்டியிருக்கிறது. அவன் இழுத்தான், அது வந்துவிட்டது.

துண்டுத் துணியெல்லாம் சுற்றிக் கிடந்த அந்த உடம்பில் வெளியே தெரிந்தது பாதி முகமும் இடது கையும்தான். வருகிறவர்கள் எல்லாரும் அந்தக் கையைத்தான் பார்ப்பார்கள். பிள்ளைகள் விரல்களை எண்ணிக்கூடப் பார்க்கும்.

வாசலில் நுழைவுச் சீட்டுக் கிழிப்பவர் எட்டிப் பார்த்தார்.

"என்னய்யா கையில?"

"ஒண்ணுமில்லண்ணே."

"ஒண்ணுமில்லாததுக்கு நகம் இருக்குதே."

காவலாளி விரலைத் துணிக்குள் மறைத்தான். இந்த வேலைக்கு வருமுன் அவன் குவாரியில் கல் ஏற்றியவன். முதுகில் ஏதோ நழுவி, ஒரு நாள் குனிந்தவன் குனிந்தபடியே நின்றுவிட்டான். மேஸ்திரி அவனை அப்படியே வெளியே அனுப்பிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். நாற்காலியில் உட்கார்ந்து, செத்துப்போன ஒருத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும் என்கிற இந்த வேலை அவன் வாழ்க்கையில் நடந்த ஒரே நல்ல காரியம். சேர்த்த அன்றே காப்பாட்சியர் சொல்லியிருந்தார்: "ராணிக்கு ஒரு கீறல் விழுந்தாலும் நீ வெளியே." வெளியே என்றால் திரும்பவும் கல். இந்த முதுகை வைத்துக்கொண்டு கல் என்றால் சாவு.

"நாளைக்கு மேலிடத்துலேருந்து பார்க்க வர்றாங்கண்ணே."

"அதுக்கென்ன, செருப்பு ஒட்டற பசை வாங்கி ஒட்டு. என் செருப்பு ஒரு மழைக்காலம் முழுசாத் தாங்குச்சு."

"இது ராணிண்ணே."

"ராணின்னா என்ன, எழுந்து நடக்கவா போறா?"

பராமரிப்பு நடக்கிறது என்று ஒரு பலகையைக் கூடத்தின் வாசலில் மாட்டிவிட்டு, பசை வாங்கி வந்து தடவினான். விரலைப் பொருத்தி அழுத்திப் பிடித்தான். அழுத்தியது கல் தூக்கிய கை. விரல் அவன் பிடிக்குள்ளேயே நொறுங்கியது. உள்ளே வெள்ளை வெளேரென்று மாவு. நகம் மட்டும் தனியாக உதிர்ந்தது.

"அய்யோ அண்ணே!"

"கத்தாதே. மூவாயிரம் வருஷத்து எலும்பு மாவாத்தான் இருக்கும்" என்றார் சீட்டுக் கிழிப்பவர், அத்தனை வருஷமும் கூடவே இருந்து பார்த்தவர் போல. "நீ பிடிச்ச பிடிக்கு என் எலும்பே மாவாகியிருக்கும்."

நொறுங்கியதையெல்லாம் பனியன் துணியில் அள்ளி முடிந்துகொண்டான். முடிச்சுப் போடும்போதுதான் மாமனாரின் ஞாபகம் வந்தது. அதற்குப் பிறகு அந்த நினைப்பு போகவே இல்லை.

மாமனார் மரம் அறுக்கிற மில்லில் இருந்தவர். ரம்பம் அவருடைய இடது கைச் சுண்டு விரலைத் துண்டித்த அன்று, மயங்கி விழாமல், மரத்தூளுக்குள் துழாவி விரலைக் கண்டுபிடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தவர். ஒட்ட முடியாது என்றார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து பிஸ்கட் டின்னில் உப்பைக் கொட்டி அதற்குள் புதைத்தார். "நான் போறப்ப இதையும் கூட வச்சுத்தான் மூடணும். பாதி ஆளாப் போக மாட்டேன்" என்பது அவர் கட்டளை. அவர் மகள், அதாவது காவலாளியின் மனைவி, உப்பு கசிகிற போதெல்லாம் மாற்றினாள். அடுக்களையில் ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்தில்தான் அந்த டின் இருந்தது. ஒரு விருந்தாளி ஊறுகாய் என்று நினைத்துத் திறந்து பார்த்த பிறகு கட்டிலுக்கு அடியில் வைத்தார்கள்.

விரல் காய்ந்து, சுருங்கி, கறுத்து, இடது கைச் சுண்டு விரலாகவே இருந்தது.

அன்று இரவு, மாமனார் நோயில் படுத்திருந்த கட்டிலுக்கு அடியில் கையை விட்டபோது மேலிருந்து குரல் வந்தது. மரத்தூள் அடைத்த நெஞ்சிலிருந்து வருகிற குரல்.

"மாப்ள, டின்னை ஏன் தொடறீங்க?"

"உப்பு ஈரமாயிடுச்சான்னு பார்த்தேன் மாமா."

"ஈரமெல்லாம் என் நெஞ்சுலதான் இருக்கு. அதை மூடி வைங்க."

"வச்சுட்டேன் மாமா."

வைத்தான். விரலை எடுத்துக்கொண்டு, பனியன் முடிச்சை உப்புக்குள் வைத்தான். மேலிடத்து ஆட்கள் வந்து போனதும் மரத்தில் ஒரு விரல் செதுக்கி ராணிக்கு வைத்துவிட்டு, மாமனாரின் சொத்தை மாமனாருக்கே திருப்பிவிடலாம் என்பது கணக்கு. மனைவியிடம் சொல்லவில்லை. சொன்னால் அடுத்து உப்பில் போட வேண்டியது அவன் விரலாக இருக்கும்.

ராணியின் நிறத்துக்கு வர விரலைத் தேயிலைச் சாற்றில் ஊறவைத்து, துடைத்து, அவள் கையில் ஒட்டினான். நின்றது. கொஞ்சம் தடிமன். ராணி ஒரு விரலால் மட்டும் மரம் அறுத்துப் பிழைத்தவள் போல இருந்தாள். மேலிடத்து ஆட்கள் வந்தார்கள், பெட்டிக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள், போனார்கள். யாரும் விரலைப் பார்க்கவில்லை.

மரவிரலைச் செதுக்கி முடிப்பதற்குள் மனைவியின் போன் வந்தது.

"அப்பா போயிட்டாருங்க" என்றாள். கொஞ்ச நேரம் அழுதாள். "சீக்கிரம் வாங்க. மூடறதுக்கு முன்னாடி அந்த விரலை வைக்கணும்."

"நீ டின்னைத் தொடாதே. நான் வந்து எடுக்கறேன்."

கூடத்துக்கு ஓடினான். பெட்டியைச் சுற்றிக் காப்பாட்சியரும் இரண்டு அலுவலர்களும் நின்றார்கள். காப்பாட்சியர் கையில் பூதக்கண்ணாடி. சுண்டு விரலின் மேல் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. மழைக்காலக் காற்று பட்டு, மாமனாரின் உப்பு வெளியே வந்துகொண்டிருந்தது.

"பார்த்தியாய்யா! உப்பு!" காப்பாட்சியருக்கு மூச்சு வாங்கியது. "அந்தக் காலத்துல உடம்பைப் பதப்படுத்தின உப்பு. இத்தனை வருஷமா உள்ளேயே இருந்துட்டு இப்பத்தான் வெளியே வருது. நம்ம ராணியை யாரோ ஒரு பணக்காரர் கப்பல்ல வாங்கிட்டு வந்து கொடுத்த பொம்மைன்னு எல்லாரும் இளக்காரமாப் பேசினாங்கள்ல? இப்ப பேசச் சொல்லு. ஆஸ்பத்திரியில ஸ்கேன் எடுக்கப் போறோம். அதுவரைக்கும் பெட்டிக்கு முத்திரை. யாரும் தொடக்கூடாது. நீயும்தான்."

"சார், என் மாமனார் செத்துட்டாரு."

"அடப்பாவமே. உடனே கிளம்பு."

"ஒரே ஒரு நிமிஷம் பெட்டியைத் திறந்து..."

"எதுக்கு?"

அவன் இடுப்பிலிருந்த பெட்டிச் சாவியைத் தடவினான்.

"துக்கத்துல உளறாதே. போ. சாவியை வச்சுட்டுப் போ."

வீட்டில் டின் ஏற்கெனவே திறந்திருந்தது. மனைவி தரையில் உட்கார்ந்து, உப்புக்குள்ளிருந்து எடுத்த முடிச்சை அவிழ்த்து மடியில் வைத்திருந்தாள். வெள்ளைப் பொடி, சின்னச் சின்னக் கட்டிகள், நடுவில் ஒரு நகம்.

"என்னங்க இது?"

"பழசானா எலும்பு மாவாயிடும்மா. எங்க ராணிக்கும் அப்படித்தான்."

"போன தடவை உப்பு மாத்துறப்ப நல்லாத்தானே இருந்துச்சு."

மச்சான், அவள் தம்பி, குனிந்து முகர்ந்தான். "செருப்புப் பசை வாசம் அடிக்குதே."

"மில் வாசம்டா அது. அப்பா மேலயும் அடிக்கும்ல?" என்றான் காவலாளி. அதைச் சொன்ன வாயை அவனுக்கே பிடிக்கவில்லை.

"இது நம்ம பனியன் துணி" என்றாள் மனைவி.

"மூடி வைக்க நான்தான் சுத்தினேன். ஈரம் ஏறக்கூடாதுன்னு."

அவள் அவனை ஒரு கணம் பார்த்தாள். நன்றியோடுதான் பார்த்தாள். அவனுக்கு அடி விழுந்தது போல இருந்தது. பிறகு மடியில் சிந்திய பொடியை ஒன்றுவிடாமல் விரல் நுனியால் ஒற்றி ஒற்றி எடுத்தாள். அப்பாவின் இடது கையைத் திறந்து, உள்ளங்கையில் வைத்து, கையை மூடி, துணியால் கட்டினாள்.

"முழுசாப் போங்கப்பா" என்றாள்.

மண் தள்ளும்போது காவலாளியும் தள்ளினான். முதுகு வலிக்கிறதென்று சொல்லவில்லை.

அடக்கம் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்றே ராணியை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனார்கள். ஸ்ட்ரெச்சரின் ஒரு பக்கத்தை அவன் பிடித்தான். ஸ்கேன் அறைக்கு வெளியே வரிசையில் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள்.

"உயிரோட இருக்கறவன் விடிஞ்சதுலேருந்து காத்துக்கிட்டிருக்கேன், செத்தவளை முன்னாடி விடறீங்களே?" என்று ஒரு கட்டுப்போட்ட கால்காரர் கேட்டார்.

"அவங்க உங்களுக்கு முன்னாடியே வந்தவங்க. மூவாயிரம் வருஷம்" என்றார் காப்பாட்சியர், பெருமையாக.

கதவு மூடியது. உள்ளே இயந்திரம் உறுமியது. காவலாளியின் சட்டை முதுகோடு ஒட்டியது.

"ஸ்கேன்ல எதுவும் தப்பாதாமே சார்?"

"எதுவுமே தப்பாது. விரல் ஒண்ணு மாறியிருந்தாக்கூடக் காட்டிக் கொடுத்துடும்" என்று காப்பாட்சியர் சிரித்தார். "ஏன்யா உனக்கு இப்படி வேர்க்குது? மாமனார் நினைப்பா?"

"ஆமா சார்."

அது பொய்யில்லை. கட்டிய கையும், அதற்குள் வைத்த ராணியின் விரலும், மனைவி பார்த்த பார்வையும்தான் கண்ணுக்குள் நின்றன. இயந்திரம் சொல்லி வேலை போவதைவிட வாயால் சொல்லிப் போவது மேல் என்று பட்டது. போனால் கல். கல் என்றால் கல்.

"சார், ஒரு தப்பு நடந்துபோச்சு. ராணியோட அந்தச் சுண்டு விரல்..."

கதவு திறந்தது. ஸ்கேன் எடுக்கிற பெண், ஒரு கையில் டீ கப்போடு தலையை மட்டும் வெளியே நீட்டினாள்.

"சார், மத்ததெல்லாம் வைக்கோலும் பிளாஸ்டர் மாவும்தான், அள்ளிக் கொட்டிடலாம், செத்த மனுஷன்னு இதுல இருக்கறது அந்தச் சுண்டு விரல் ஒண்ணுதான், அதை மட்டும் பெட்டியில வச்சுக் காவல் போடுங்க."