மனத்தாங்கலுக்கு மதிப்பெண்

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் எழுதுவது. இங்கே என் இடது முழங்கால் நீங்கலாக எல்லோரும் சுகம். அங்கே உங்கள் இரத்த அழுத்தம் உட்பட எல்லாம் ஒழுங்காக இருக்கும் என்று நம்புகிறேன். ஆறு வருடமாக ஒரு வார்த்தை பேசாதவன் இப்படித் திடுதிப்பென்று கடிதம் போடுகிறானே, யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பதற வேண்டாம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. உங்கள் தங்கை படிக்கிறாள், அவ்வளவுதான்.

பல் மருத்துவமனை வரவேற்பு மேசையில் பத்தொன்பது வருடம் உட்கார்ந்திருந்தவள், வருகிறவர்கள் யாரும் பல்லுக்காகப் பயப்படவில்லை, எல்லோரும் வேறெதற்கோ பயப்படுகிறார்கள் என்று கண்டுபிடித்துவிட்டாள். அது என்னவென்று தெரிந்தே ஆகவேண்டும் என்று நாற்பத்தெட்டு வயதில் பயன்பாட்டு உளவியல் படிக்கக் கிளம்பினாள். பேருந்து கடைசியாகப் போய் நிற்கிற மேட்டில் ஒரு கிறிஸ்தவப் பல்கலைக்கழகம் இருக்கிறது. "நம்மள மதம் மாறச் சொல்வாங்களோ?" என்று கேட்டேன். "மார்க் ஷீட்டுதான் கேட்டாங்க" என்றாள். வகுப்பு ஜெபத்தில் தொடங்கும், பிறகு நேராகப் புள்ளியியலுக்குப் போய்விடும். புள்ளியியல் இருக்கும்வரை அங்கே ஜெபம் ஓயாது என்று நினைக்கிறேன்.

முதல் வருடம் காதால் கேட்கும் பயிற்சி. எதிராளி சொல்வதை மறுக்காமல், புத்தி சொல்லாமல், அவர் மனதில் இருப்பதை அவருக்கே திருப்பிச் சொல்ல வேண்டுமாம். நான் சாப்பிட உட்கார்ந்து, "உப்பு பத்தல" என்றால், "உப்பு பத்தலைன்னு உங்களுக்குத் தோணுது" என்பாள். "தோணல, பத்தல" என்றால், "அதனால உங்களுக்குக் கோபம் வருது" என்பாள். உண்மையிலேயே வரும். உப்பு மட்டும் வராது. நானே எழுந்து போய் எடுத்துக்கொள்வேன். அதற்குப் பெயர் தன்னிறைவாம்.

ஆனாலும் இதில் ஏதோ இருக்கிறது என்று எனக்கும் பட்டது. ஒரு துணிக்கடை லிஃப்டில் ஆள் மாட்டிக்கொண்டார் என்று எங்கள் லிஃப்ட் கம்பெனியைக் கூப்பிட்டார்கள், நான் போனேன். மேலே மோட்டார் அறைக்கு உதவியாளர் போயிருக்கிற நேரத்தில் சும்மா இருப்பானேன் என்று, கதவுக்கு வாயை வைத்து, பதமாக, "நீங்க மாட்டிக்கிட்ட மாதிரி உணர்றீங்க" என்றேன். உள்ளேயிருந்து, "மாதிரியா? மாட்டிக்கிட்டுத்தான்யா இருக்கேன்! கதவத் திற!" என்று ஒரு சத்தம். அவர் வெளியே வந்ததும் முதல் வேலையாக என் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். கம்பெனியில் மேற்பார்வையாளர் என்னைக் கூப்பிட்டு, இனிமேல் கதவைத் திறந்தால் போதும், வாயைத் திறக்க வேண்டாம் என்றார்.

இப்போது கடைசிப் பருவத்துக்கு வருகிறேன். நீங்கள் சம்பந்தப்படுவது இங்கேதான். பாடத்தின் பெயர் மன்னிப்பு. சொல்லிக்கொடுப்பவர் ஒரு ஃபாதர், நல்ல உயரம், சட்டைப் பையில் எப்போதும் நாலு பேனா. எத்தனை தடவை மன்னிக்க வேண்டும் என்பதற்கு வேதத்தில் கணக்கு இருக்கிறதாம், மன்னித்தாயிற்றா இல்லையா என்று கண்டுபிடிக்கத்தான் இந்தப் படிப்பாம். வீட்டில் ஆறாமல் கிடக்கும் ஒரு மனத்தாங்கலை எடுத்துக்கொண்டு, எட்டு வாரம் அளந்து, கட்டுரை எழுத வேண்டும். உங்கள் தங்கை பதினெட்டுக் கேள்விப் படிவத்தை என் முன்னால் வைத்தாள். "உங்களுக்கும் அண்ணனுக்கும் நடந்ததை நெனச்சுக்கிட்டு நிரப்புங்க" என்றாள்.

நடந்தது உங்களுக்கே தெரியும். நாலாம் மாடியில் நீங்கள் புது வீடு வாங்கி எங்களைச் சாப்பிடக் கூப்பிட்ட ஞாயிற்றுக்கிழமை. ஐஸ் வாங்கக் கீழே போன நீங்கள், திரும்பி வரும்போது அடுத்த வீட்டு வங்கி மேலாளரோடு லிஃப்டில் மாட்டிக்கொண்டீர்கள். அப்போதே இருபத்து மூன்று வருடம் லிஃப்ட் வேலை பார்த்திருந்த நான் இலையை விட்டு எழுந்திருக்காமல் சாப்பிட்டு முடித்து, கைகழுவி, நாற்பது நிமிடம் கழித்து வந்து திறந்தேன் என்பது உங்கள் புகார். லிஃப்ட் கதவுச் சாவி கையில் இல்லை, தேடி வாங்க நேரமாகிவிட்டது என்பது என் பதில். அன்றைக்கு நின்ற பேச்சுதான்.

படிவத்தில், 'அவருக்குக் கெடுதல் நடந்தால் எனக்கு மகிழ்ச்சி' என்ற வாக்கியத்துக்கு, 'சிறிதும் இல்லை' என்று குறித்தேன். ஒரே ஒன்றைத் தவிர மிச்சம் எல்லாவற்றுக்கும் அதே. உங்கள் தங்கை பார்த்துவிட்டுச் சிரித்தாள். "பதினொண்ணாவது கேள்விய படிச்சீங்களா? 'நான் வாழ்க்கையில் ஒருநாளும் எரிச்சல்பட்டதில்லை.' அதுக்கு மட்டும் 'முழுக்க உண்மை'ன்னு போட்டிருக்கீங்க. பொய்யைக் கண்டுபிடிக்க வச்ச கேள்வி அது." அடுத்த வாரம் ஜாக்கிரதையாக எல்லாவற்றுக்கும் நடுக்கட்டத்தில் குறித்தேன். அதற்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். இப்படி எட்டு வாரம்.

எட்டாவது வாரம் செய்முறை வகுப்பு, வீட்டு ஆளைக் கூட்டிவரச் சொன்னார்கள். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். இருபதுக்கும் மேலே சின்னப் பெண்கள், ஒரு கன்னியாஸ்திரி, பின் வரிசையில் உங்கள் தங்கை. நடுவில் என்னை உட்காரவைத்து, எதிரே ஒரு காலி நாற்காலி போட்டார் ஃபாதர். "அதுல உங்க மச்சான் உட்கார்ந்திருக்கார். மனசுல உள்ளத சொல்லுங்க" என்றார். "ஃபாதர், அதுல ஒரு கால் ஆடுது" என்றேன். ஆடினது. காகிதத்தை மடித்து அடியில் கொடுத்துச் சரிசெய்தேன். ஒரு பெண் அதையும் குறிப்பெடுத்தாள். அதற்கப்புறம் செய்ய ஒன்றுமில்லை. இருபது பேர் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தால் மனுஷன் எவ்வளவு நேரம்தான் தாங்குவான்?

சொல்லிவிட்டேன், மச்சான். யாரிடமும் சொல்லாததை அந்த நாற்காலியிடம் சொன்னேன். லிஃப்ட் நின்ற மூன்றாவது நிமிடமே, கைகூடக் கழுவாமல் நான் படிக்கட்டில் இறங்கி வந்துவிட்டேன். மூன்றாவது மாடிக் கதவில் காதை வைத்தேன். உள்ளே நீங்கள் மேலாளரிடம், "கவலப்படாதீங்க சார், தங்கச்சி வீட்டுக்காரன் மேலதான் இருக்கான். நட்டு போல்டு தவிர அந்த மண்டையில வேற ஒண்ணும் கிடையாது, இப்ப ஓடி வருவான் பாருங்க" என்று சொல்லிச் சிரித்தீர்கள். நான் ஓடவில்லை. மேலே போய் உட்கார்ந்து, இரண்டாம் தடவை சாதம் போடச் சொன்னேன். எனக்குப் பசியே இல்லை.

"இப்ப நாற்காலி மாறி உட்காருங்க. மச்சானா பதில் சொல்லுங்க" என்றார் ஃபாதர். உட்கார்ந்தேன். என்ன சொல்லப்போகிறோம் என்று எனக்கே தெரியாது. "மாப்ள, மின்விசிறி நின்னுபோச்சு. விளக்கும் போயிடுச்சு. பயத்துல வாய்க்கு வந்தத உளறினேன். பக்கத்துல இருந்தவரு என்னைவிடப் பெரிய ஆளு, அவர் முன்னால நடுங்கக் கூடாதுன்னு சிரிச்சேன். ஐஸ் உருகி பேன்ட்டெல்லாம் தண்ணி. நீ வருவேன்னு எண்ணிக்கிட்டே இருந்தேன்" என்று என் வாயே சொன்னது. இருபத்தொன்பது வருடமாகக் கதவுக்கு வெளியே நின்றுதான் பேசியிருக்கிறேன். உள்ளே இருந்து பேசியது அன்றைக்குத்தான். கன்னியாஸ்திரி ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

பேருந்து நிறுத்தத்தில் உங்கள் தங்கை கேட்டாள்: "இத்தனை வருஷமா ஏன் என்கிட்ட சொல்லல?"

"உங்க அண்ணன் பேசினத உன்கிட்ட எப்படிச் சொல்றது?"

"நாற்காலிகிட்ட சொன்னீங்களே."

"அது யாருக்கும் தங்கச்சி இல்ல."

பேருந்து வந்ததும் இருவருக்கும் அவளே டிக்கெட் எடுத்தாள்.

ஆகவே மச்சான், நீங்கள் சொன்னதை நான் மன்னித்துவிட்டேன். என் நாற்பது நிமிடத்தை நீங்கள் மன்னியுங்கள். நம் இருவர் கணக்கும் அதோடு தீர்ந்தது. அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை அவளுக்குப் பட்டமளிப்பு விழா. ஒரு மாணவருக்குக் குடும்பத்தார் இருவருக்கு இடம். ஒன்றில் நான். மற்றதில் நீங்கள் உட்கார வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி, உங்களுக்கு நீண்ட ஆயுளும் தடையில்லா மின்சாரமும் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் மாப்பிள்ளை

பி.கு.: உறையைத் தேடி அவள் மேசையைத் திறந்தபோது, திருத்தி வந்த கட்டுரை கையில் கிடைத்தது. நம் சண்டையைப் பற்றித்தான் இருக்கும் என்று புரட்டினேன். நான் நிரப்பின படிவங்கள் எல்லாம் கடைசியில் பின்னிணைப்பாகக் கிடக்கின்றன. முதல் பக்கத்தில், 'மன்னிக்க வேண்டியவர்: நான். மன்னிக்கப்பட வேண்டியவர்கள்: கணவர், அண்ணன். காரணம்: இருவர் சண்டையில் ஆறு வருடம் எனக்குப் பிறந்த வீடு இல்லாமல் போனது' என்று எழுதியிருக்கிறாள். எட்டு வாரமும் தனக்கும் ஒரு படிவம் நிரப்பியிருக்கிறாள். மனத்தாங்கல் தொண்ணூற்றுக்கு இத்தனை என்று கணக்கு. நான் எழுபத்தொன்றில் தொடங்கி அறுபத்து நான்குக்கு இறங்கியிருக்கிறேன். நீங்கள் எழுபத்தாறிலேயே நிற்கிறீர்கள். ஆகவே மேலே நான் கேட்ட மன்னிப்பையும் கொடுத்த மன்னிப்பையும் தள்ளி வையுங்கள், அதைப் பற்றி யாரும் நம்மைக் கேட்கவில்லை. சனிக்கிழமை கொஞ்சம் முன்னாடியே வந்துவிடுங்கள். வாசலில் நிற்கிறேன், சேர்ந்தே உள்ளே போவோம். எனக்குத் தனியாகப் போகப் பயமாக இருக்கிறது.